சார்ஜன்ட் ராத்தா பெல்ட் வாங்கிய வாரம்

கல்முனை பஸாரில், பட்டப்பகலில், ஒரு பெண்ணைக் கண்டதும் ஆண்கள் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டு கிடைத்த கடைக்குள் பாய்ந்த வாரம் ஒன்று உண்டு. அந்தப் பெண் எங்கள் சார்ஜன்ட் ராத்தா; ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. அந்த வாரம் முழுவதும் குடையும் தண்ணீர்ப் போத்தலும் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தவள் நான். ஆகவே கண்டதைக் கண்டது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்துத்தான் எழுதுகிறேன். இப்படிப் பிரித்துச் சொல்லும் நோயும் அவரிடமிருந்து எனக்குத் தொற்றியதுதான்.

மருதமுனையில் எங்கள் குறுக்குத் தெருவில், என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி அவருடைய வீடு. பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது, அடையாள அட்டைக்குள். பொலிஸில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, முதல் லீவில் சீருடையோடு வந்து இறங்கிய அன்றே தெருவார் அவரைச் சார்ஜன்ட் ஆக்கிவிட்டார்கள். திணைக்களம் அந்தப் பதவியைக் கொடுக்க அதற்குப் பிறகு பதினொரு வருடம் எடுத்தது. "எங்கட தெரு எதையும் சுறுக்காச் செய்யும்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவருக்கு நேரம் என்றால் பதினாறு முப்பது, பதினேழு பதினைந்து. மரக்கறி விற்க வந்த ஒருவரிடம் "பதினேழுக்குப் பொறகு வாங்க" என்று சொல்ல, அந்த மனிதர் விரலை மடித்து மடித்து எண்ணிக்கொண்டே சைக்கிளை உருட்டிப் போனார். எங்கள் தெருவுக்கு அவர் திரும்பி வரவேயில்லை. பக்கத்து வீட்டு ஆடு ராத்தாவின் முருங்கைக் கன்றைத் தின்றபோது ஆட்டுக்காரியை அழைத்துக் கதிரையில் இருத்தி வாக்குமூலம் எடுத்தார்.

"ஆடு எந்தத் திசையால வந்த?"

"வடக்கால."

"நாலு ஆட்டோட நிறுத்தினா உங்கட ஆட்ட நீங்க அடையாளம் காட்டுவீங்களா?"

ஆட்டுக்காரி அழுதுவிட்டாள். ராத்தா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, எழுதியதை வாசித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கினார். பிறகு அந்தத் தாளைச் சுருட்டி அடுப்பு மூட்டினார். "எழுதினா மனசு ஆறிரும் புள்ள. மறுகா அது என்னத்துக்கு?" என்றார் என்னிடம்.

சிரிப்போம்தான். ஆனால் தெருவில் ஒரு பெண்பிள்ளையை எவனாவது பின்தொடர்ந்து வந்தாலும், வெளிநாட்டில் இருக்கும் மகனிடமிருந்து ஒரு மாதமாகத் தகவல் இல்லாவிட்டாலும், எல்லோரும் முதலில் தட்டுவது அவருடைய கதவைத்தான்.

நான் ஒரு உப தபால் கந்தோரில் தபால் அதிபர்; இடைக்கிடை பத்திரிகைக்கும் எழுதுவேன். ஒரு சனிக்கிழமை காலை, கந்தோரில் முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தபோது ராத்தா வந்தார். வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்தான். இருந்தாலும் வரிசையில் நின்றார். கையில் ஒரு மீன் கூடை. நான் அவருடைய காலைப் பார்த்தேன். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார். சப்பாத்துக் கயிற்றைக்கூட அளந்து கட்டும் மனுஷி. ஏதோ நடந்திருக்கிறது என்று அப்போதே விளங்கிவிட்டது.

நடந்தது இது. இது அவர் சொல்லிக் கேட்டது.

வெளியூரிலிருந்து இந்தப் பக்கம் மாற்றலாகி வந்த ஒரு பெண் நீதவானுக்கு, அதாவது நீதிபதிக்கு, பாதுகாப்பு வேண்டியிருந்தது. எங்கேயும் கூடவே போய், பெண்கள் அறை வரைக்கும் உள்ளே நுழையக்கூடிய ஒரு பெண் உத்தியோகத்தர். சீருடை இல்லை. சாதாரண உடுப்பு, அதற்குள்ளே கைத்துப்பாக்கி. சுடும் பயிற்சியில் ராத்தா முதலாவதாக வந்திருந்தார், அதனால் அவரைத் தெரிவு செய்தார்கள். துவக்கையும் அதை வைக்கும் உறையையும் அரசாங்கம் தரும். சாதாரண உடுப்புக்குக் கட்டும் பெல்ட் அவரவர் பாடு.

ராத்தா ஒரு பெண்கள் பெல்ட் வாங்கினார். இரண்டு விரல் அகலம், தங்க நிறப் பக்கிள். வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரி முன்னால் ஒத்திகை. ஜீப்பிலிருந்து குதிக்க வேண்டும், கேற் வரைக்கும் ஓட வேண்டும், குனிந்து நிமிர வேண்டும்.

"ஜீப்பால குதிச்சன். நான் நிண்டன் புள்ள. துவக்கு நிக்கல்ல."

வலப்பக்க இடுப்பில் இருந்த துவக்கு பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு முதுகுப் பக்கம் போய்விட்டது. உறை வெளியே சாய்ந்து, நீளச் சட்டையைத் தூக்கிக்கொண்டு சேவல் வால் மாதிரி நின்றது. காற்சட்டை ஒரு பக்கம் இறங்க, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேற் வரைக்கும் ஓடி முடித்தார். இடையில் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆறு ஆண் உத்தியோகத்தர்களும் சிரித்தார்கள். மேலதிகாரி சிரிக்கவில்லை, தீர்ப்புச் சொன்னார். பெண்களின் இடுப்பு துவக்கு வைக்க ஏற்றதில்லையாம். கைப்பைக்குள் போட வேண்டுமாம். முடியாவிட்டால் மறுபடி எழுத்து வேலைக்குப் போகலாமாம். திங்கட்கிழமை விட்டு அடுத்த திங்கட்கிழமை கடைசித் தடவையாகப் பார்ப்பாராம்.

"கைப்பைக்குள்ள வெச்சா என்ன ராத்தா?" என்று நான் கேட்டேன்.

"பேக்கப் பறிக்கிறவன் துவக்கையும் சேத்துப் பறிப்பான். ஸிப்ப இழுத்து, லிப்ஸ்டிக்க வெலக்கி, துவக்க எடுக்கக்குள்ள அந்த அம்மாட நெலம என்ன? அந்த அம்மா எனக்கு அமானிதம், நம்பி ஒப்படைச்ச பொருள். அமானிதத்த ஆரும் பேக்குக்குள்ள கிண்டித் தேடுவாங்களா?"

அவரிடம் லிப்ஸ்டிக் கிடையாது. அது வாதத்துக்காகச் சொன்னது.

மீன் கூடைக்குள் இருந்தது, அவருடைய மாப்பிள்ளையின், அதாவது கணவரின், வலையில் கட்டும் ஈயக் குண்டுகள். துவக்கை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது; உறையை மட்டும் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருந்தார். குண்டு நிரப்பிய துவக்கு எவ்வளவு பாரமோ அவ்வளவு பாரத்துக்கு ஈயம் நிறுத்து, அதை உறைக்குள் வைத்துக் கட்டிப் பழக வேண்டும். ஊரில் சரியாக நிறுக்கும் தராசு தபால் கந்தோரில்தான் இருக்கிறது என்பது அவருடைய முடிவு. மீன் கடைத் தராசுகளைப் பற்றி அவர் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை.

ஈயத்தைத் தராசில் வைத்தோம். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அந்த நேரம் கடிதம் பிரிக்க வந்த எங்கள் தபால்காரர் எட்டிப் பார்த்தார்.

"பார்சல் எங்கேக்கி ராத்தா?"

"இடுப்புக்கி" என்றார் ராத்தா.

தபால்காரர் தன் கடிதக் கட்டுக்குத் திரும்பினார்.

திங்கட்கிழமையிலிருந்து ராத்தாவுக்கும் எனக்கும் ஒரு வாரம் லீவு. என்னுடையது வீட்டுக்கு வெள்ளை அடிக்கவென்று எடுத்த லீவு. இன்றுவரைக்கும் வீடு வெள்ளை அடிக்கப்படவில்லை.

பஸாரின் முதல் கடையில் இளந்தாரி ஒருவர் ஓடி வந்தார். "வாங்க ராத்தா. மாப்பிளைக்கா, மகனுக்கா?"

"எனக்கி."

அவர் உடனே வண்ணத்துப்பூச்சிப் பக்கிள் வைத்த ஒரு சிவப்புப் பெல்ட்டை எடுத்து நீட்டினார். ராத்தா அதைப் பார்த்த பார்வையில் வண்ணத்துப்பூச்சி பறந்திருக்கும், உயிர் இருந்திருந்தால்.

"இது வேணா. ஒன்றரை அங்குலம் அகலம். தடிப்பு. பித்தளப் பக்கிள்."

"அப்ப இதப் பாருங்க. ஒரிஜினல் லெதர் ராத்தா. நூறு வருஷம் போகும்."

ராத்தா பெல்ட்டைக் கையில் வாங்கினார். முகர்ந்து பார்த்தார். இரண்டாக மடித்து ஒரு தரம் இறுக்கி நெரித்தார். மேல் தோல் அப்பளம் மாதிரி வெடித்தது. உள்ளே மண்ணிறக் காட்போட் மட்டை.

"நூறு வருஷம் முடிஞ்சி" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்தார்.

நடந்து போகும்போது எனக்கு வகுப்பு நடந்தது. "இஞ்ச பாரு போஸ்ட்மாஸ்டர் புள்ள. சும்மா காற்சட்ட கழராம இரிக்கிறதுக்கு எந்தப் பெல்ட்டும் போதும். பாரம் தூக்கிற பெல்ட் வேற. இடுப்பச் சுத்தி வளையணும், ஆனா முறுக்கினா முறுகப்படாது. உறைட வாய்க்குள்ள பெல்ட் இறுக்கமா நிக்கணும். பெல்ட் ஒடுக்கமா இருந்தா உறை ஊஞ்சல் ஆடும். உறை ஆடினா துவக்கு ஆடும். துவக்கு ஆடினா எண்ட கை தேடும். தேடுற நேரம் அந்த அம்மாட நேரம்."

நான் தலையாட்டினேன். வாழ்நாளில் நான் பெல்ட் கட்டியது கிடையாது. ஆனாலும் அந்த நிமிடத்திலிருந்து, எதிரே வரும் ஆண்கள் எல்லோரும் காட்போட் மட்டை கட்டிக்கொண்டு திரிவதாகவே எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது கடையில் பட்டாளத்துச் சாயலில் ஒரு பச்சை நாடாப் பெல்ட். ராத்தாவுக்கு முகம் கொஞ்சம் மலர்ந்தது. அபாயாவுக்கு மேலேயே அதைக் கட்டி, ஈயம் வைத்த உறையை மாட்டி, கடை நடுவில் மூன்று தரம் குதித்தார். இரண்டு தரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தரம் பிளாஸ்டிக் பக்கிள் இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு மின்விசிறியில் பட்டது. உறை நேரே போய்க் கடை முதலாளியின் பெருவிரலில் இறங்கியது.

முதலாளி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "யா அல்லாஹ், ராத்தா, உள்ளுக்கு என்ன இரிக்கி?" என்று கேட்டார்.

"ஈயம்."

"என்னத்துக்கு ஈயம்?"

"துவக்குக்குப் பதிலா."

அவர் இரண்டாவது காலையும் தூக்கப் பார்த்தார். ராத்தா அவரைக் கதிரையில் இருத்தி, என் தண்ணீர்ப் போத்தலை வாங்கி விரலைக் கழுவி, தன் கைக்குட்டையால் கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் பஸார்த் தெருவின் அந்தக் கரையில் திரும்பும்போதே இந்தக் கரையில் "பெல்ட் முடிஞ்சி, பெல்ட் முடிஞ்சி" என்று குரல் வந்தது. இதற்கிடையில் வீட்டிலும் ஒரு பிரச்சினை. ராத்தாவின் மாப்பிள்ளை அமைதியான மனிதர். காலையில் கடலுக்குப் போய்வந்து வாசலில் வலையைப் போட்டுவிட்டு என்னிடம் முறையிட்டார்.

"புள்ள, ஈயம் இல்லாத வல தண்ணில உடுப்புக் காயப்போட்ட மாதிரி மிதக்குது. மீனெல்லாம் கீழால போகுது. போறதும் சும்மா போகல்ல, சலாம் சொல்லிட்டுப் போகுது."

"ஒரு வாரம் பொறுங்க" என்றார் ராத்தா உள்ளேயிருந்து.

"நான் பொறுப்பன். மீன் பொறுக்குமா?" என்றார் அவர். என்றாலும் மறுநாள் கரையில் இருந்த இன்னொருவரிடம் கேட்டு இரவலாக ஈயம் வாங்கிக் கட்டினாரே தவிர, ராத்தாவின் உறைக்குள் இருந்ததைத் தொடவில்லை.

புதன்கிழமை ராத்தா உபாயத்தை மாற்றினார். கடையில் தொங்குவது பொய் சொல்லும், இடுப்பில் கிடந்து பழகியது பொய் சொல்லாது என்றார். அன்றுதான் ஆண்கள் ஓடத் தொடங்கிய நாள். பஸாரின் நடுவில் நின்று போகிற வருகிறவர்களின் இடுப்பைப் பொலிஸ் பார்வையால் பார்த்தால் வேறு என்ன நடக்கும்? ஒரு வங்கி ஊழியர் தன் கோப்பை முன்னால் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போனார்.

பதின்மூன்று முப்பது மணிக்கு (எனக்கும் தொற்றிவிட்டது) உர மூட்டை ஏற்றிக்கொண்டு நின்ற ஒரு பெரியவரைக் கண்டார். வரிப்பத்தான்சேனைப் போடியார் ஒருவர்; வயல் நிறைய உள்ளவர், வயிறும் அப்படியே. அந்த வயிற்றுக்குக் கீழே ஒரு கறுத்த பெல்ட். வயிறு முழுவதும் அதன்மேல் சாய்ந்திருந்தும் அது ஒரு நூலும் வளையவில்லை. ராத்தா மூச்சை உள்ளே இழுத்தார்.

"சாச்சா, கொஞ்சம் நில்லுங்க. நான் பொலிஸ்."

போடியாரின் கையிலிருந்த உர மூட்டை கீழே விழுந்தது. "என்ன மகள்? நான் ஒண்டும் செய்யல்லயே."

"கிறுகி நில்லுங்க."

திரும்பி நின்றார். ராத்தா குனிந்து பெல்ட்டின் பின்பக்கத்தைக் கண்ணால் அளந்தார். அந்த மௌனத்தைப் போடியாரால் தாங்க முடியவில்லை.

"சரி மகள், நான் உண்மையச் சொல்றன். ட்ரெக்டருக்குப் பின்னால இழுக்கிற பெட்டிக்கு நம்பர் இல்லதான். நாலு மாசமா இல்ல. எண்ட மச்சான்தான் சொன்ன, வயலுக்குள்ள ஓடுறதுக்கு நம்பர் என்னத்துக்கு எண்டு..."

"அது மறுகா. பெல்ட்டக் கழட்டுங்க."

"அல்லாவே! இதுக்கா பெல்ட்டக் கழட்டி அடிக்கப் போறீங்க?"

நான் இடையில் புகுந்து விஷயத்தை விளக்க ஐந்து நிமிடம் ஆனது. விளங்கியதும் போடியார் சிரித்த சிரிப்பில் அந்தப் பெல்ட்டே குலுங்கியது, அப்போதும் வளையவில்லை. இரண்டு தட்டு எருமைத்தோல், ஒட்டிச் சுற்றிவரத் தைத்தது. இறக்காமம் பக்கம் ட்ரெக்டருக்கும் முச்சக்கர வண்டிக்கும் சீட் தைக்கும் குஷன் காக்கா செய்தது என்றார்; காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். போகும்போது ராத்தா அவரை மறக்காமல் நிறுத்தினார்.

"சாச்சா. பெட்டிக்கு நம்பர்."

"நாளைக்கே போடுறன் மகள்."

அன்றைக்கே ராத்தாவின் ஸ்கூட்டியில் ஏறிப் போனோம். குஷன் காக்காவின் வாய்க்குள் எப்போதும் ஏழெட்டுச் சிறிய ஆணிகள் இருக்கும். அதனால் பேச்சு மிகச் சுருக்கம். ராத்தா தேவையைச் சொன்னார். அவர் தோலைத் தட்டி, "நாளைக்கி" என்றார்.

வியாழக்கிழமை பெல்ட் தயார். நேர்கோடு போட்டது போல் தையல். தன் வேலையைக் காட்ட, அதன் ஒரு முனையை ட்ரெக்டரிலும் மறு முனையைப் பெட்டியிலும் மாட்டி, வளவைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டினார். பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்தா அங்கேயே அதைக் கட்டிக் குதித்தார், ஓடினார், ஸ்கூட்டியில் ஏறி இறங்கினார். ஈயம் அசையவில்லை. திரும்பும் வழியெல்லாம் நபி மேல் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வெள்ளியும் முழுநாள் கட்டியிருந்தார். கட்டிக்கொண்டே தேங்காய் துருவினார், கிணற்றடியில் தண்ணீர் அள்ளினார், தொழுதார். சனிக்கிழமை காலை நான் போனபோது கட்டிலில் ஒருக்களித்து இருந்தார்.

"என்ன ராத்தா?"

சட்டையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். இடுப்பெலும்புக்கு மேல் கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருந்தது. பெல்ட்டின் கீழ் விளிம்பு வெட்டுகிறது. மேல் விளிம்போ உடம்பைத் தொடாமல் ஒரு உள்ளங்கை நுழையும் அளவுக்கு விரிந்து நிற்கிறது. அந்த இடைவெளியால் துவக்கின் பிடி வெளியே சாய்ந்து சட்டையைத் தள்ளுகிறது. பெல்ட் தாங்குகிறது, ஆனால் உள்ளே துவக்கு இருப்பது ஊருக்கே தெரியும். இன்னும் இரண்டு நாள்தான்.

முதல் தடவையாக அவருடைய குரல் தளர்ந்து கேட்டேன். "எங்கட மேலதிகாரி, அந்தப் பெரிய மனிசன், சொன்னது மெய்யா இரிக்குமோ புள்ள?"

ஸ்கூட்டியை எடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

குஷன் காக்கா பெல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தையலைத் தடவினார். ஆணிகளுக்கு இடையால் சொன்னார்: "தோல் சரி. தையல் சரி. ஒங்கட இடுப்புத்தான் நேரில்ல ராத்தா."

ராத்தா பெல்ட்டை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். பிறகு சத்தம் போடாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அந்தப் பெரிய மனிசனும் எண்ட இடுப்பத்தான் குத்தம் சொன்னாரு. சிரிச்ச ஆறு பேரும் எண்ட இடுப்பப் பாத்துத்தான் சிரிச்ச. இப்ப நீங்களும். ஒரு ஆளாவது பெல்ட்டக் குத்தம் சொன்னீங்களா காக்கா? இந்த இடுப்பால மூணு புள்ள பெத்தன். இதுதான் எண்ட இடுப்பு. இதுக்கு ஏத்தாப்போல பெல்ட்டச் செய்யுங்க. பெல்ட்டுக்கு ஏத்தாப்போல நான் இடுப்பச் செய்ய ஏலா."

காக்கா மேசையில் கிடந்த தோல் துண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

ராத்தா என் கையிலிருந்த பத்திரிகையைப் பிடுங்கினார். அதில் அந்த வாரம் என் கட்டுரை வந்திருந்தது. நான் "ராத்தா, அந்தப் பக்கம் மட்டும்..." என்று தொடங்க முன் அது நீளநீளமாகக் கிழிந்துவிட்டது. என்னை மறைப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், அந்தத் துண்டுகளைத் தன் இடுப்பில் மேலும் கீழும் விளிம்பு உடம்போடு படியும்படி ஒட்டச் சொன்னார். கடையிலிருந்த ஒட்டு நாடாவால் ஒட்டினேன். என் தலைப்பு அவருடைய இடப்பக்க எலும்பில் வந்து விழுந்தது. என் எழுத்து இதைவிட உறுதியான இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை.

கழற்றி மேசையில் விரித்தோம். நேர்ப் பட்டி இல்லை. பிறை மாதிரி வளைந்து கிடந்தது. கீழ் விளிம்பு நீளம், மேல் விளிம்பு கட்டை.

குஷன் காக்கா அதைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தார். பிறகு வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். வெறும் வாயோடு அவரை நாங்கள் கண்டது அப்போதுதான்.

"முப்பது வருஷமாத் தோல் தெக்கிறன். இத ஒருத்தரும் எனக்கிட்டக் கேக்கல்லயே."

"முப்பது வருஷமா நீங்க ஆம்புளைகளுக்குத்தானே தெச்ச."

"வளைச்சு வெட்டினா தோல் கன பங்கு வீணாப் போகும்."

"போகட்டும்."

"போகட்டும்" என்றார் அவரும், கத்தியை எடுத்தபடி.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்கு முன் இரண்டாவது பெல்ட் வந்தது. ராத்தா கட்டினார். நடந்தார். குனிந்தார். ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்து எழும்பினார். முகத்தைப் பார்த்தேன். ஈயத்தை உறையிலிருந்து எடுத்து எண்ணி மாப்பிள்ளையின் கூடைக்குள் போட்டார். அதுதான் பதில்.

திங்கட்கிழமை நடந்தது மறுபடியும் கேட்டது. பின்னேரம் என் கந்தோருக்கு வந்து, வழக்கம்போல் வரிசையில் நின்று, முறை வந்ததும் சொன்னார்.

மேலதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தாராம். "துவக்கு எங்கே? கைப்பையில்தானே?" என்றாராம்.

"கைப்பை கொண்டு வரல்ல சேர்."

"அப்படியென்றால் துவக்கு எங்கே? எடுக்காமல் வந்துவிட்டாயா?"

கேட்டபடியே அவரைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தாராம். சட்டை தட்டையாக விழுந்து கிடக்கிறது. ராத்தா வலக்கையால் சட்டை விளிம்பை ஒரு சாண் விலக்கினாராம். அங்கே இருந்தது, உடம்போடு ஒட்டி, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல். பிறகு ஜீப்பிலிருந்து குதித்து, கேற் வரைக்கும் ஓடி, குனிந்து, நிமிர்ந்து, துவக்கை உருவி, திரும்பவும் உறைக்குள் வைத்தார். மேலதிகாரி இன்னொரு தரம் செய்யச் சொன்னார். செய்தார். மூன்றாவது தரம் கேட்கவில்லை. "நாளையிலிருந்து கடமைக்குப் போ" என்றாராம்.

"அந்த ஆறு பேரும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் அவங்கட பெல்ட்ட மேல இழுத்து உட்டுக்கிட்டு நிண்டாங்க. ஒராள் மெதுவா வந்து குஷன் கடை எங்க எண்டு கேட்டாரு." சொல்லிவிட்டு ராத்தா சிரிக்காமல் ஒரு முத்திரை வாங்கினார். எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வரிசையில் நின்றதற்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு பெண் உத்தியோகத்தர்கள் வெளியூர்களிலிருந்து எல்லாம் இறக்காமத்துக்கு வரத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள். ஒவ்வொருவரும் ஒரு பழைய பத்திரிகையோடு வருவார்கள். குஷன் காக்கா தன் பெயர்ப் பலகையைப் புதிதாக எழுதினார்: "ட்ரெக்டர், முச்சக்கர வண்டி, பெண் பொலிஸ்." ராத்தா போய் அதைத் திருத்தச் சொன்னார். அவர் திருத்தவில்லை. அதை வாசித்துவிட்டு நிற்காமல் போகும் ஆள் இதுவரை இல்லை என்றார்.

அந்த நீதவானோடு ராத்தா நாலு வருடம் இருந்தார். அந்தத் துவக்கைக் கடமையில் ஒருநாளும் உருவ வேண்டி வரவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய பெருமை. ஒருநாள் வீதியில் அவர்கள் காரிலிருந்து இறங்குவதைக் கண்டேன். முன்னால் அந்த அம்மா. இடப்பக்கம் அரை எட்டுப் பின்னால், தலைக்கு ஸ்காப் கட்டிய, நீளச் சட்டை போட்ட எங்கள் ராத்தா. யாரையும் தள்ளவில்லை, சத்தம் போடவில்லை. சனம் தானாக விலகியது. என் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணிடம், கேட்காமலேயே, "அவங்க எங்கட ஆள். மருதமுன" என்று சொன்னேன்.

போன வருடம் எனக்கு மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு வாங்க மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ராத்தாவுக்கு மட்டும், அதுவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு பஸ் நிலையத்தில் நிற்கிறார். லீவு போட்டிருந்தார். "எனக்கும் அங்கால ஒரு வேல இரிக்கி" என்றார். ஒரு வேலையும் இல்லை.

முடிவு நல்லபடியாகத்தான் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதைக் கையில் வாங்கும் வரைக்கும் அந்த நீண்ட நடைபாதையில் நான் எப்படி நடந்தேன் என்று எனக்கே தெரியாது. ராத்தா என்னோடு கதைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இடப்பக்கம் அரை எட்டுப் பின்னால் நடந்து வந்தார். அவ்வளவு சனத்துக்குள்ளும் என்மேல் ஒருவரும் இடிக்கவில்லை.